இடப்பக்க நாடாவுக்கு ஓய்வூதியம்

எங்கள் தெருவில் தறிக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. அது அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை, தேர்தல் விடுமுறை எல்லாம் தறிக்குத் தெரியாது. அமாவாசையன்று மட்டும் தெருவே சத்தமில்லாமல் கிடக்கும். என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் முகச்சவரம் செய்வார், வெள்ளைச் சட்டை போடுவார், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வாசலில் நின்றுகொண்டிருப்பார். எனக்கோ ரேஷன் கடை, பல் டாக்டர், போஸ்ட் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான்.

நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம். அதற்கு ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். ஒரே ஆளால் ஆகாது. அவர் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிப்பார், உடலுக்கான நாடாவையும் வலப்பக்கக் கரைக்கான நாடாவையும் தள்ளுவார். இடப்பக்கக் கரைக்கு நாடா தள்ளுவது நான். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அந்த இடத்தில் உட்கார்ந்தேன், முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் மகள் பிறந்தபோது சில மாதம் எழுந்திருந்தேன், அவ்வளவுதான்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி அவர் பெயரில் வரும். தறி அவர் பெயரில். நெசவாளர் அட்டை அவர் பெயரில். கரண்டு பில்கூட அவர் பெயரில்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இடப்பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எனக்கும் அது உறைத்ததில்லை, இந்த வருஷம் வரைக்கும்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் நெய்து கொடுக்கும் பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிறவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "பி.பி.எஃப்.னு ஒரு சேமிப்பு இருக்குதுபா. போஸ்ட் ஆபீஸ்ல போடு. பதினஞ்சு வருஷத்துக்கு மொத்தமா எடுக்க முடியாது. வட்டிக்கு வரியும் கிடையாது."

மொத்தமாக எடுக்க முடியாது என்ற வார்த்தை எனக்குத் தேனாக இனித்தது. ஏனென்றால் என் வீட்டுக்காரர் கையில் காசு இருந்தால் ஓடாத ஸ்கூட்டரை வாங்கி வருவார். ஒரு தடவை வாங்கியே வந்தார். இரண்டு வருஷம் அது மாட்டுக்குக் காவலாக நின்றது. அதனால் நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கணக்கைத் திறக்க வைத்தேன். அதில் இரண்டு பேர் சேர்ந்து கணக்கு வைக்க முடியாதாம், ஒரே பெயர்தானாம். அவர் பெயரில் எழுதினோம். நான் நாமினி.

அதற்கப்புறம் ஒவ்வொரு அமாவாசையும் எங்களுக்குத் திருவிழா. பணத்தைக் கட்டிவிட்டு, கோயில் கோபுரத்தைத் தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாழைக்காய் பஜ்ஜி நாலு, டீ இரண்டு. அக்கம்பக்கத்தில் நான் அடிக்காத தம்பட்டம் இல்லை. "நாங்க வரி மிச்சம் பண்றோம், நீங்க இன்னா பண்றீங்க?" என்று குழாயடியில் கேட்பேன். அவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வதில் எனக்கு ஒரு குஷி.

இந்த ஏப்ரலில் கணக்கு முதிர்ந்தது. பெரிய பணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் ஆயுளில் ஒரே இடத்தில் அத்தனை பணத்தை நாங்கள் பார்த்ததில்லை. அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. முழங்கால் மிதிக்கும்போதே முனகுகிறது. எத்தனை வருஷம் மிதிப்பார்? மிதிப்பது நின்றால் கூலியும் நிற்கும். அந்தப் பணத்தை என்ன செய்வது என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு.

அடுத்த அமாவாசைக்குத் தெருக்கோடி வீட்டுத் தம்பி வந்து சேர்ந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். தறி சத்தம் கேட்காத நாளில் வந்தால்தான் நெசவுக்காரன் காது கொடுப்பான் என்று தெரிந்த ஆள்.

"அண்ணே, ஆன்யூட்டி போட்டுடுங்க. மொத்தமா ஒருவாட்டி குடுத்துட்டீங்கன்னா, மாசாமாசம் பென்ஷன். கவர்மென்ட் ஆபீசர் மாதிரி உக்காந்துக்கினு சாப்பிடலாம்."

பென்ஷன் என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்போதே தாசில்தார் ஆகிவிட்டார். "எனக்கா? பென்ஷனா?" என்று மூன்று தடவை கேட்டார்.

தம்பி விளக்கினார். ஒருத்தர் உயிரோடு இருக்கும்வரை மட்டும் வருவது ஒரு வகை. அதில் மாதத் தொகை கூடுதல். ஒருத்தருக்குப் பிறகு புருஷனுக்கோ பெண்டாட்டிக்கோ தொடர்ந்து வருவது இன்னொரு வகை. அதில் கொஞ்சம் குறையும். கடைசியில் போட்ட பணம் வாரிசுக்குத் திரும்பி வருகிற மாதிரியும் போடலாம், அப்போது இன்னும் கொஞ்சம் குறையும்.

"ஜாஸ்தி வர்றதையே போடு தம்பி" என்றார் தாசில்தார்.

எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? தறியும் இல்லை, கூலியும் இல்லை, பென்ஷனும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். பெயர், வயது, தொழில் நெசவு. "மனைவி பேரு... அண்ணிக்கு வயசு ஐம்பத்தி ரெண்டா? தொழில்?"

"தொழிலெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. வீட்லதான் இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

சாதாரணமாகச் சொன்னார். மழை வருது என்கிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் பறந்து போவது 'ங்க'.

"இன்னாயா சொன்னே? எனக்குத் தொழில் இல்லையா? அப்ப முப்பத்தோரு வருஷமா இடப்பக்கத்துல உக்காந்து நாடா தள்ளினது யாரு, பேயா பிசாசா?"

"ஏய், ஃபாரத்துக்குச் சொன்னேன்மே. அதுக்குப் போயி..."

"ஃபாரத்துக்குத்தானே? சரி. தொழில் இல்லாதவளுக்குத் தறிகிட்ட இன்னா வேலை? நாளையிலேர்ந்து நான் அடுப்படியிலேயே இருந்துக்கிறேன்."

தம்பி படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அண்ணி, காப்பி அப்புறமா வந்து குடிக்கிறேன்" என்று வாசலைப் பார்த்து நடந்தார். நான் காப்பி போடவே இல்லை.

மறுநாள் காலை அவர் தறியில் இறங்கி உட்கார்ந்தார். தறியில் கட்டியிருந்த பாவு நூல் கல்யாண ஆர்டருக்கு, அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை. நான் நாற்காலியை எடுத்து வந்து அவருக்கு எதிரில் போட்டு, முறுக்கு டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் இருமினார். செருமினார். "மணி ஏழு ஆயிட்ச்சி" என்று சுவரிடம் சொன்னார். நான் முறுக்கைக் கடித்தேன். பிறகு தானே எழுந்து இடப்பக்கம் போய் நாடாவைத் தள்ளி, திரும்பி வந்து தறியில் இறங்கி, மிதித்து, மறுபடி ஏறி... ஒரு விரற்கடை நெய்வதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, முறுக்கை வைத்து அடைத்துக்கொண்டேன். சமையல் மட்டும் குறைவில்லாமல் செய்தேன். தொழில் இல்லாதவள் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

இரண்டாம் நாள் தெருவில் நாலு வீட்டில் ஆள் கேட்டுவிட்டு வந்தார். எல்லா வீட்டிலும் இடப்பக்கத்துக்காரிகள் அவரவர் தறியில் இருந்தார்கள். கதை அவர்களுக்கு எட்டியும் இருந்தது போல. ஒருத்தி, "எனக்கும் தொழில் இல்லேண்ணே, வீட்லதான் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் நாள் பட்டுக்கடையிலிருந்து போன். முகூர்த்தப் புடவை என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "நடந்துக்கினே இருக்குதுங்க" என்றார், நடக்காத தறியைப் பார்த்துக்கொண்டே. எனக்கும் உள்ளுக்குள் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அசையவில்லை.

நாலாம் நாள் ஞாயிறு. ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் பஸ் பிடித்து வந்தாள். தறி சத்தம் இல்லாததைக் கேட்டு, "இன்னாமா, இன்னிக்கி அமாவாசையா?" என்றாள். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக நடந்ததைச் சொல்லி முடித்தோம். அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் ஒரு கோடு கிழித்தாள்.

"ரெண்டும் வேற வேற வேலைக்குமா. பி.பி.எஃப். பணத்தை வளர்க்கிறதுக்கு. ஆன்யூட்டி வளர்ந்த பணத்தை மாசாமாசம் சாப்பிடறதுக்கு. பி.பி.எஃப்.பை அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கினே போலாம். அவசரம்னா வருஷத்துக்கு ஒருவாட்டி கொஞ்சம் எடுத்துக்கலாம். ஆனா அதுவா மாசாமாசம் வீட்டுக்கு வராது. எடுத்து எடுத்து சாப்பிட்டா ஒருநாள் தீந்துடும்."

"ஆன்யூட்டி தீராதா?" என்றார் அவர்.

"நூறு வயசு இருந்தாலும் தீராது. ஆனா போட்ட பணம் நினைச்சப்ப கையில வராது. வெலவாசி ஏறினாலும் அதே காசுதான் வரும். அதுக்கு வரியும் உண்டு."

"பாத்தியா, வரி!" என்று நான் குதித்தேன். "பி.பி.எஃப்.ல வரி மிச்சம். அதுக்குத்தானே பதினஞ்சு வருஷமா போட்டோம்?"

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, அப்பாவுக்கு வர்ற கூலிக்கு வரியே கிடையாது. கட்டாத வரியில இன்னா மிச்சம் புடிச்சே நீ? எனக்கு வரி புடிக்கிறாங்க. நானே புது வரி முறைக்கு மாறிட்டதால பி.பி.எஃப்.புக்கு உண்டான கழிவு எனக்கே கிடையாது."

குழாயடியில் நான் அடித்த தம்பட்டமெல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. பதினைந்து வருஷம்! இருந்தாலும் சமாளித்துக்கொண்டு, "சரி, நீ ஏதோ என்.பி.எஸ்.னு பென்ஷனுக்குப் போடறியே, அது எங்களுக்கு ஆகாதா?" என்று பேச்சை மாற்றினேன்.

"எனக்கு வயசு இருக்குது, கம்பெனியும் போடறாங்க. கடைசில அதுலயும் ஒரு பங்குக்கு ஆன்யூட்டிதான் வாங்கணும். உங்களுக்கு அது சுத்தி வளைச்சுப் போற வழிமா" என்று சொல்லிக்கொண்டே பாஸ்புத்தகத்தைப் புரட்டினாள். சட்டென்று நின்றாள். "இதென்னம்மா தேதியெல்லாம் தாறுமாறா இருக்குது? பதினாறு, இருபத்தஞ்சி, பத்து..."

"அமாவாசைடி. அன்னிக்குத்தானே தறி கிடையாது. போஸ்ட் ஆபீஸ் திறந்திருந்த ஒரு அமாவாசைகூடத் தப்பினது இல்ல" என்றேன் பெருமையாக.

"அஞ்சாந்தேதிக்குள்ள போட்டாத்தாம்மா அந்த மாசத்து வட்டி வரும். ஆறாந்தேதி போட்டாகூட அந்தப் பணத்துக்கு அந்த மாசம் வட்டி இல்ல. நீ பதினஞ்சு வருஷமா நிலாவைப் பாத்துப் போட்டிருக்கே!"

மூன்று நாளாக உம்மென்று இருந்த மனுஷன் சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு! தறிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணி வந்தது. "நிலா பாத்து... ஐயோ... வரி மிச்சம் வேற..." எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டிலேயே கெட்டிக்காரி என்று அத்தனை வருஷம் அவரை அதட்டி வைத்திருந்தேனே! போன வட்டி எவ்வளவு இருக்கும் என்று மகள் தோராயமாகச் சொன்னாள். ஒரு புடவைக் கூலிக்கு மேலேயே வரும். பாஸ்புத்தகத்தைப் பிடுங்கி மூடினேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சாம் தேதி பார்த்துப் போயிருந்தால் தறியை விட்டு அவர் வந்திருக்க மாட்டார். நான் தனியாகப் போய் வரிசையில் நின்றிருப்பேன். அந்த வட்டிக்குப் பதிலாகப் பதினைந்து வருஷம் ஜோடியாகப் பஜ்ஜி தின்றிருக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, அவர் வாசலில் நின்றபடி ஏஜென்டுக்குப் போன் போட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். என் காதில் விழ வேண்டும் என்றேதான் அவ்வளவு சத்தமாகப் பேசினார்.

"தம்பி, அந்த ஃபாரத்தைக் கிழிச்சிப் போட்டுடுபா. தப்பா எழுதிட்டோம். அண்ணிக்குத் தொழில் நெசவு. இன்னாது? ஆமாம்பா, அவளும்தான். அவ இல்லாம மூணு நாளா நான்தான் தொழில் இல்லாம உக்காந்திருக்கேன்."

மன்னிப்பு என்று என் வீட்டுக்காரர் அகராதியில் ஒரு வார்த்தை கிடையாது. இதுதான் அது. மறுநாள் காலை நான் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அவரும் தறியில் இறங்கினார். மிதித்தார், நான் நாடாவைத் தள்ளினேன். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே புடவை போய்ச் சேர்ந்தது.

முடிவு என்னவென்றால், பாதிப் பணத்தை எடுத்து ஆன்யூட்டி, மீதிப் பாதி பி.பி.எஃப்.பிலேயே இன்னும் ஐந்து வருஷம். சாப்பாட்டுக்கு ஒன்று, ஆபத்துக்கு ஒன்று. அடுத்த மாதம் நாலாம் தேதி இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடிக்கக் கிளம்பினோம். அன்று அமாவாசை இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வேலைநாளில் முகச்சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டார். தெருவே எட்டிப் பார்த்தது. "இன்னாண்ணே, இன்னிக்கி அமாவாசையா?" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். "இல்ல, நாலாந்தேதி" என்றார், ஏதோ நல்ல நாள் பெயர் சொல்வது மாதிரி.

பென்ஷன் போடும் அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மகள் வயதுக்காரி. இருவர் பெயரிலும் வருகிற வகை என்று எடுத்த எடுப்பிலேயே நான் சொல்லிவிட்டேன். தனி ஆளுக்கு வருவதைவிட எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். கொஞ்சம்தான் குறைந்தது. "பரவால்ல, எழுதுமா" என்றார் அவர்.

"மொதல் பேரு உங்களதுதானே சார்?"

"இல்ல. அவளது."

நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போஸ்ட் ஆபீஸில் எடுத்த பணத்தை என் கணக்குக்கு மாற்றச் சொன்னபோதுகூட, ஏதோ வசதிக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். கேஸ் மானியத்துக்கென்று திறந்த கணக்கு அது. அதுவே பயந்திருக்கும், அவ்வளவு பணத்தைப் பார்த்து.

"இன்னாங்க இது? பணம் உங்களது."

"ரெண்டு பேர் நெய்ஞ்ச பணம். இத்தினி நாளா என் பேர்லயே இருந்துச்சி. இனிமே உன் பேர்ல இருக்கட்டும்." அந்தப் பெண்ணிடம் திரும்பி, "நீ எழுதுமா" என்றார்.

அவள் படித்துக் காட்டினாள். "அம்மா இருக்கிற வரைக்கும் மாசாமாசம் அம்மாவுக்கு வரும். அவங்களுக்கு அப்புறம், சார் இருந்தா சாருக்கு. ரெண்டு பேருக்கும் அப்புறம் போட்ட பணம் உங்க பொண்ணுக்கு." அவர் தலையாட்டினார். கடைசியாக என்னைப் பார்த்து, "தொழில்?" என்று கேட்டாள். அவர் கூரையில் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். நான் சொன்னேன், நெசவு என்று. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அழுதுவிடுவேனோ என்று பயந்து, வெளியே வந்ததும் பஜ்ஜிக் கடைக்கு அவருக்கு முன்னால் நடந்தேன்.

முதல் பென்ஷன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தறி ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த போன் முனகியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் பெயர். என் பெயருக்கு நேராகத் தொகை. மறுபடி படித்தேன்.

"இன்னா?" என்றார், மிதியை நிறுத்தாமல்.

"எனக்குக் கூலி வந்துட்ச்சி."

அவர் நிறுத்தினார். போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "மொதலாளியம்மா, ஒரு டீக்குக் காசு கிடைக்குமா?" என்று கையை நீட்டினார். போட்டேன் கையில் ஒரு அடி. சிரித்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஏதோ யோசித்தபடி பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி? உனக்கு அப்புறம்தானே எனக்கு?"

"ஆமா. நான் போனப்புறம் உங்களுக்கு வரும். கவலைப்படாதீங்க, விட்டுட மாட்டாங்க."

"எனக்கு அந்தக் காசு வரவே வேணாம்" என்றார்.

என்னைப் பார்க்கவில்லை. காலை மிதியில் வைத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டேன். அவர் மிதித்தார். நான் இடப்பக்கத்திலிருந்து நாடாவைத் தள்ளினேன்.